பந்து பார்க்கப் போகிறேன்

மக்கா,

அப்பா இப்போதெல்லாம் சாயங்காலம் வீடு தங்குவதில்லை என்று அம்மா போனில் குறை சொல்லியிருப்பாள். வேறு எதுவும் நினைத்துவிடாதே. பந்து பார்க்கப் போகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31ஓடு முடிந்ததும் நம் ஆட்கள் எல்லாரும் போட் ஏறக் கொச்சித் தோப்பும்படிக்கு வண்டி ஏறிவிட்டார்கள். முட்டு வலியால் நான் மட்டும் நின்றுவிட்டேன். 31 வருடத்தில் இதுதான் முதல் தடவை. இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன், தூக்கம் வந்தால்தானே! மூன்றாம் நாள் கடற்கரைக்கு நடந்தேன். உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ விளையாடிய மணல் இப்போது இல்லை. பாதியைக் கடல் தின்றுவிட்டது, மீதியில் பாறாங்கல் கிடக்கிறது. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், ஒரு பக்கம் கல். நீட்டி அடிக்க இடம் ஏது? காலுக்குக் காலாகக் கொடுத்தே பழகியிருக்கிறார்கள்.

இந்த அணியை ஊரில் யாரும் கணக்கில் வைக்கவில்லை. போன வருடம் குறுவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கித் திரும்பியவர்கள். பி.டி. சாருக்கு ஜூனில் மாற்றல், புது ஆள் வரவில்லை. பூட் இருந்தது ஏழு பேருக்கு. கோல் காக்கிற கோலியின் தலை என் தோளுக்குத்தான் வரும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொழியூர்ப் பிள்ளைகளோடு இறங்கினால் தினமும் தோல்விதான். அவர்களும் சும்மா ஆட்களா? 2018ல் கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் சாய்த்துக் கேரளா சந்தோஷ் டிராபி எடுத்தபோது பொழியூர் சீசன் அந்த அணியில் இருந்தான். நம் பக்கத்திலும் குறைவில்லை, இரவிபுத்தன்துறை சூசைராஜ் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி வரை போய் 2020ல் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தொட்டுவிட்டான். கரையில் பந்து தட்டுகிற பொடியன் ஒவ்வொருவனுக்கும் தான் அடுத்த சூசைராஜ் என்றுதான் நினைப்பு. நினைப்பு மட்டும் இருந்து என்ன செய்ய?

அப்புறம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து நின்றார். முன்பு ஏழு பேர் அணியாக ஆடும் செவன்ஸ் ஆடியவர். சம்பளம் கிடையாது, சாயா கூடக் கையிலிருந்துதான். அவர் சொன்னது இரண்டே விஷயம். பின்னால் நிற்கும் நாலு பேரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தைப் பறிகொடுத்தவனை யாரும் திட்டக் கூடாது. முதலாவதை ஒரு வாரத்தில் படித்துவிட்டார்கள். இரண்டாவதுக்கு ஒரு மாதம் ஆனது. நம் ஊரில் திட்டாமல் பந்து விளையாடுவது என்ன லேசான காரியமா!

அதைப் பார்க்கும்போதுதான் 2022 டிசம்பரில் உலகக் கோப்பை நடந்தபோது நீ தோஹாவிலிருந்து பேசியது நினைவுக்கு வந்தது. மொராக்கோக்காரர்களோடு ரோட்டில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன் என்றாய். நான் அரைக் காதில்தான் கேட்டேன். அவர்கள் கோச் ரெக்ராகி, போட்டி தொடங்கும்போது பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர் என்று நீதானே சொன்னாய்? அரையிறுதிக்கு முன்பு ஐந்து ஆட்டத்தில் அவர்கள் வாங்கியது ஒரே கோல், அதுவும் சொந்த ஆள் காலில் பட்டு உள்ளே போனது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பின. நம் பிள்ளைகளும் அந்த வழிதான் போனார்கள். கோல் அடிக்கப் பெரிய ஆள் இல்லை, அதனால் கோல் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். குறுவட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம், பிறகு கோல் இல்லாமல் பெனால்டி, பிறகு மறுபடி ஒன்றுக்குப் பூஜ்யம். பார்க்க அழகான ஆட்டம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

நாகர்கோவிலுக்கு நானும் வேனில் தொற்றிக்கொண்டேன். புல் தரையில் முதல் பத்து நிமிடம் பார்க்கவே பாவமாக இருந்தது. மணலில் செத்து நிற்கிற பந்து அங்கே நிற்காமல் ஓடியது, இவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். எதிரணி டிராக் சூட் போட்டுத் தனி பஸ்ஸில் வந்தவர்கள். இடைவேளைக்குப் பிறகுதான் கதை மாறியது. அவர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள். நம் பிள்ளைகளுக்கோ, மணலில் ஓடிய காலுக்குப் புல் ஒரு பாரமா? ஒரு கார்னர், ஒரு குழப்பம், யார் காலில் பட்டது என்று தெரியவில்லை, உள்ளே போய்விட்டது. கடைசி ஐந்து நிமிடம் அந்தக் குட்டைக் கோலி மூன்று பந்தைப் பிடித்தான், மக்கா. ஒன்றை முகத்தால் பிடித்தான் என்றே சொல்லலாம். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த டீச்சர் தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

இறுதி ஆட்டத்தில் 2-1 தோற்றோம். வேனில் ஏறும்வரை ஒருவனும் ஒருவனைத் திட்டவில்லை. மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்கியதும் ஆரம்பித்தார்கள், ஊர் வரும்வரை நிறுத்தவில்லை.

அந்தக் கேலரியில் நான் கவனித்த ஒன்று. நம் ஊர் ஆட்கள் இருந்த இடத்தில் எல்லாம் அம்மாக்கள், அக்காக்கள். தகப்பன்மார் என்று என்னோடு இரண்டு பேர். பள்ளிக்கூடப் போட்டி சூடு பிடிக்கிற நேரம்தான் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகிற நேரம். 40 நாள் கழித்து வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இந்த அணியில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்மார் 2017ல் ஒக்கிப் புயலில் போனவர்கள். கோல் விழுந்ததும் அந்தப் பிள்ளைகள் கேலரிப் பக்கம் திரும்பவில்லை. மற்றப் பிள்ளைகளும் திரும்பவில்லை. யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

நீ பிளஸ் ஒன் படித்த வருடம் உன் அணியையும் இப்படித்தான் யாரும் கணக்கில் வைக்கவில்லை. அரையிறுதி ஜெயித்த அந்த வாரம் நான் லட்சத்தீவுக்கு மேற்கே கிடந்தேன். புதிதாகக் கிளம்பி வந்த போட்காரன் வயர்லெஸ்ஸில், ‘உன் மகன் கோல் அடித்தானாம்’ என்றான். நான், ‘சூரை மீன் என்ன விலை போகிறது?’ என்று கேட்டேன். சுற்றி நாலு போட்டுக்காவது அது கேட்டிருக்கும். கரைக்கு வந்த பிறகாவது உன்னிடம் கேட்டிருக்கலாம். டீசல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்ச்சுகலை ஜெயித்த அன்று மொராக்கோவின் பூஃபல் தன் அம்மாவை மைதானத்துக்குள் கூட்டிவந்து ஆடினானே, அந்த வீடியோவை நீ அனுப்பியிருந்தாய். பதில் போடவில்லை. இப்போது தினமும் ஒரு தடவை பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோலிக்கு நல்ல கிளவுஸ் ஒரு ஜோடி அங்கே கிடைத்தால் வருகிற ஆள் கையில் கொடுத்துவிடு. சின்ன அளவு போதும். அம்மாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது, என் முட்டு அப்படியேதான்.

இன்னொன்று. உன்னுடைய அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். தலையால் முட்டினாய் என்கிறாள். சித்தப்பா, இல்லை, இடது கால் என்கிறான். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, கூப்பிடு. முதல் நிமிடத்திலிருந்து சொல். நான் கரையில்தான் இருக்கிறேன்.

அப்பா
நீரோடி