ஒன்பதாவது முட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தபோது நான் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கோழிமுட்டை வைத்து 21ஆம் நாள். பன்னிரண்டில் எட்டு பொரிந்துவிட்டன. ஒன்பதாவதில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதோடு சரி. உள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம் மட்டும். "துளை விழுந்து அரை நாளாகியும் குஞ்சு வராவிட்டால் உடைத்து எடுக்கலாமா?" என்று நீயும் கேட்டிருக்கிறாய்!

போன தடவை நான் செய்த பாவத்தை உன்னிடம் சொன்னதில்லை. துளை விழுந்த ஐந்தாவது மணியிலேயே பொறுமையிழந்து முட்டையோட்டை உரித்தேன். சவ்விலிருந்து இரத்தம் கசிந்தது; மஞ்சள் கரு பாதி வெளியே தொங்கியது. விடிவதற்குள் செத்துவிட்டது. குஞ்சு சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் அதற்கு வேலை அதிகம். அதுவரை முட்டையோட்டின் உட்புறம் ஒட்டிய சவ்வின் இரத்த நாளங்கள் வழியே மூச்சு வாங்கியது நுரையீரலுக்கு மாற வேண்டும். நாளங்களின் இரத்தம் உடம்புக்குத் திரும்ப வேண்டும். மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும்.

அதனால் இம்முறை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழு நாள் கடந்தும் துளை பெரிதாகவில்லை. சத்தம் ஈனமாகிக்கொண்டே வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய சவ்வு பழுப்பேறிக் காகிதம்போலக் காய்ந்திருந்தது. குற்றவாளி நான்தான். 18ஆம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தினேன், ஈரப்பதத்தை 65–70 சதவீதத்துக்கு ஏற்றினேன், எல்லாம் சரி. முதல் குஞ்சுகளைப் பார்க்கும் ஆசையில் மூடியை மூன்று முறை திறந்தேனே! ஈரமெல்லாம் போய், சவ்வு சுருங்கிக் குஞ்சை இறுக்கிவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஒற்றினேன்; மூக்குத் துளையில் மட்டும் நீர் படவிடவில்லை. பிறகு இடுக்கியால், முட்டையின் பருத்த முனையில் காற்று மட்டும் இருக்கும் காற்றறைக்கு மேலிருந்த ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுத்தேன். ஓரிடத்தில் சிவப்பு இழை தெரிந்ததும் நிறுத்தி, முட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதே. மறுபடி எடுத்தபோது நாளங்கள் வற்றியிருந்தன. தலையை மட்டும் விடுவித்தேன். கீழ்ப்பாதியைத் தொடவில்லை. அதை உதைத்துக்கொண்டு வருவது குஞ்சின் பாடு.

நள்ளிரவில் வந்துவிட்டது. ஈரத் துணியைப் பிழிந்து போட்டதுபோலக் கிடந்தது; காலையில் பஞ்சுருண்டை. இப்போது மற்றவை அதன்மேல் ஏறி மிதிக்கின்றன, அதுபாட்டுக்குத் தூங்குகிறது. மீதி மூன்றும் கூமுட்டை.

பொரிந்தவுடன் தீவனத்துக்கு அவசரப்படாதே. வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். உடல் நன்றாக உலர்ந்தபின் வெளியே எடு. வழுவழுப்பான தரையில் விட்டால் கால்கள் அகன்றுவிடும், சொரசொரப்பான துணி விரித்து வை.

உன் முட்டைகளுக்கு இன்று எத்தனையாவது நாள்? 18 தாண்டிவிட்டால், அறையைப் பூட்டிச் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. அடுத்த முறை நானும் அதைத்தான் செய்யப்போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்