குதிரைத்திறன் பாத்து ஆட்டோகிராஸ் கார் வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஆட்டோகிராஸ் ஓட்டுறது பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரையைப் படிச்சேன். இந்த விஷயத்துக்கு ஒரு தமிழ் பேப்பர்ல அரைப்பக்கம் கிடைச்சதே பெருசு, ஆனா கார்களை எல்லாம் குதிரைத்திறன் வரிசையில அடுக்கி, அதிகம் இருக்குறது மேல, கம்மியா இருக்குறது கீழன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதை நம்பி யாராவது வாங்கப் போனா காசும் போகும் ஆசையும் போகும்.

ஆட்டோகிராஸ் எப்படி நடக்கும், பெரிய பார்க்கிங் இடத்துலயோ பழைய ஓடுதளத்துலயோ கோன் வச்சு பாதை போட்டு, ஒவ்வொரு காரா விட்டு டைம் எடுப்பாங்க. ஒரு ரன்னு சுமாரா ஒரு நிமிஷம், அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் கியர்ல கிளம்பி செகண்ட் போட்டா பெரும்பாலும் கடைசி வரைக்கும் அதுலயே ஓடிரும். அமெரிக்காவுல இந்தப் போட்டிகளை நடத்துற எஸ்சிசிஏங்கற கார் கிளப்போட விதிப்படி ஒரு கோனைத் தட்டினா 2 செகண்ட் கூட்டிருவாங்க, முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல ஒரு செகண்ட் வித்தியாசம்கூட இல்லாத போட்டியில அந்த 2 செகண்ட் என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. இதுல 300 குதிரைத்திறனை எங்க கொண்டு போயி காட்டுறது, நேர் ரோடே கிடையாதே. எடை கம்மியா இருக்கணும், ஸ்டீயரிங்கைத் திருப்பின உடனே காரோட மூக்கு திரும்பணும், ரெண்டும் இருந்தா போதும்.

நீங்க கடைசி இடம் குடுத்த மாஸ்டா மியாட்டா இருக்கே, எம்எக்ஸ்-5ன்னும் சொல்லுவாங்க, நானா இருந்தா அதைத்தான் முதல்ல வைப்பேன். 1989-ல வந்த முதல் தலைமுறை காரு, 1.6 லிட்டர் இன்ஜின், எடை ஒரு டன்னை ஒட்டித்தான், பின்சக்கர டிரைவ், நாலு மூலையிலயும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கை பிடிச்சிருக்கும். 1994 மாடல்ல இருந்து 1.8 லிட்டர் வந்துச்சு. வாங்கும்போது ரெண்டு விஷயம் பாக்கணும். ரொம்ப ஆரம்ப கால 1.6 இன்ஜின்ல கிராங்க் ஷாஃப்டோட முனை சின்னது, அதுல பெல்ட் ஓட்டுற புல்லி உக்காருற இடம் தேஞ்சிரும், அதனால இன்ஜின் ஓடும்போது கீழ் புல்லி தள்ளாடுதான்னு குனிஞ்சு பாருங்க. இன்னொண்ணு துரு. துணிக்கூரையில விழுற தண்ணி வெளிய போற ஓட்டை அடைச்சுக்கிட்டா, கதவுக்குக் கீழ பின்சக்கரத்துக்கு முன்னாடி இருக்குற இடம் உள்ளுக்குள்ளயே அரிச்சிரும், மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும்.

கட்டுரையில ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்த ரெண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2, சந்தேகமே இல்லாம அழகான காரு. ஆனா இன்ஜின் நடுவுல இருக்கு, வளைவுக்குள்ள பயந்துபோயி ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துரும், இதனாலயே டொயோட்டாவே பிற்பாடு பின்பக்க சஸ்பென்ஷனை மாத்தினாங்க. புதுசா வர்றவங்களுக்கு இது வேண்டாம். போர்ஷே 944 நல்ல சமநிலை உள்ள வண்டி, இன்ஜின் முன்னாடி, கியர்பாக்ஸ் பின்னாடின்னு எடை பிரிஞ்சு இருக்குறதால, ஆனா இன்ஜின் வால்வுகளை ஓட்டுற டைமிங் பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் காலி, பெல்ட் எப்ப மாத்துனாங்கன்னு பில் காட்ட முடியாத காரைத் தொடாதீங்க. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆசை இருந்தா அதுல பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி இன்ஜின், அதுக்குன்னே இருக்குற கம்ப்ரஷன் டெஸ்டர் (உள்ள அழுத்தம் பாக்குற கருவி) வச்சிருக்குற மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ஹோண்டா எஸ்2000, 1999-ல வந்தது, இன்ஜின் நிமிஷத்துக்கு 9000 சுத்து (ஆர்பிஎம்) வரைக்கும் போகும், ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு சொர்க்கம், ஆனா பவர் எல்லாம் அந்த மேல் ஆர்பிஎம்லதான் இருக்கு, செகண்ட் கியர்ல மெதுவா திரும்பி வரும்போது கீழ் ஆர்பிஎம்ல ஒண்ணும் இருக்காது.

இதைவிட முக்கியமான ஒண்ணை கட்டுரை தொடவே இல்ல. விக்கிறவர் டர்போ ஏத்தியிருக்கேன், கேம் ஷாஃப்ட் மாத்தியிருக்கேன், பவர் கூடியிருக்குன்னு பெருமையா சொல்லுவார், நமக்கும் இலவசமா கிடைச்ச மாதிரி இருக்கும். போட்டிக்குப் போனா அந்த மாற்றங்களாலயே காரை வேற கிளாஸ்ல, அதாவது வேற போட்டிப் பிரிவுல போட்டுருவாங்க, அங்க வருஷக்கணக்கா செதுக்கி வச்ச கார்களோட மோதணும். கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்குற காரு, அதுவும் எல்.எஸ்.டி.யோட (ஒரு சக்கரம் மட்டும் வீணா சுத்தாம தடுக்குற டிஃபரன்ஷியல்) கிடைச்சா, சத்தமில்லாம வாங்கிருங்க, எல்.எஸ்.டி. இல்லன்னா சின்ன வளைவுல இருந்து வெளிய வரும்போது உள்பக்க டயர் சும்மா சுத்தும், காரு நகராது.

அப்புறம் ஹெல்மெட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, போட்டுக்கிட்டு சீட்ல உக்காருங்க. உயரமானவங்களுக்கு மியாட்டாவுல தலை கூரையில இடிக்கும், இது காசு குடுத்த பிறகு தெரிஞ்சு என்ன பிரயோஜனம். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கத்துல ஒரு தேதி நம்பர் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். டயர் பட்டன் தேயாம நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க, வயசான ரப்பர் கல்லாயிரும், பிடிக்காது. நல்ல டயர் போட்ட சாதாரண காரு, கெட்ட டயர் போட்ட பெரிய காரை சுலபமா அடிச்சிரும், ஆட்டோகிராஸ்ல இது தினப்படி நடக்குற கூத்து.

அடுத்த வாரம் தொடர்ச்சி வரும்னு போட்டிருக்கீங்க. அதுல தயவுசெஞ்சு டயருக்கும் பிரேக்குக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்குங்க, அப்படியே ஒரே காரை ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுறதுக்கும் பல இடத்துல அனுமதி உண்டுங்கறதையும் போடுங்க, வாங்குற முன்னாடி நண்பரோட காரை ஒரு நாள் ஓட்டிப் பாக்கலாமேன்னு நிறைய பேருக்குத் தோணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்