லீட் பண்ண சொல்றாங்கன்னு எழுதியிருந்தியே

அடியே, எப்படி இருக்க?

உன் மெயில படிச்சதும் போன்தான் பண்ண நினைச்சேன், ஆனா போன்ல நீ என்னை பேசவே விட மாட்ட, அதனால உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதி. பெரியவன் வேலைக்கு போக ஆரம்பிச்சுட்டான்னு படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு, நேத்து வரைக்கும் டயப்பரோட ஓடிக்கிட்டு இருந்த பய. எங்க வீட்ல பெருசா ஒண்ணும் இல்ல, இவர் ரிடையர் ஆகப்போறேன் ஆகப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார், ஆகற வழிய காணோம். எனக்கு கண்ணாடி பவர் ஏறிடுச்சு, அவ்ளோதான் நியூஸ்.

சரி விஷயத்துக்கு வரேன். இவ்ளோ நாள் வாலண்டியரா போன் கால் எடுத்து பேசிக்கிட்டு இருந்தவள, இப்ப அந்த குரூப்பையே பாத்துக்க சொல்றாங்க, "நான் டாக்டரும் இல்ல கவுன்சிலரும் இல்ல, கர்ப்பமா இருக்கறப்பவும் புள்ள பெத்த அப்புறமும் மனசு உடைஞ்சு போற குடும்பங்களுக்கு உதவறவங்கள நான் என்னத்த லீட் பண்றது"ன்னு கேட்டிருக்க. எனக்கு தோணறத அப்படியே எழுதறேன், பிடிக்கலைன்னா திட்டி பதில் போடு.

முதல்ல அந்த "டாக்டர் இல்ல"ங்கற கவலைய விடு. கனடால சிண்டி-லீ டென்னிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்க டீம் செஞ்ச ட்ரையல் 2009ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. டிப்ரெஷன் வர வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்ச, பிரசவமாகி கொஞ்ச நாளே ஆன 701 அம்மாக்கள எடுத்தாங்க. பாதி பேருக்கு வழக்கமா கிடைக்கற கவனிப்பு, மீதி பாதிக்கு அதோட கூட, தானே அந்த டிப்ரெஷன்ல கெடந்து மீண்டு வந்த இன்னொரு அம்மா போன் பண்ணி பேசுவாங்க. அந்த வாலண்டியர்களுக்கு கொடுத்த ட்ரெய்னிங் நாலே மணி நேரம். 12 வாரம் கழிச்சு பாத்தா, போன் போன பக்கம் 14 சதவீதம் பேருக்கு டிப்ரெஷன் அறிகுறி, மத்த பக்கம் 25 சதவீதம். பாகிஸ்தான் கிராமங்கள்ல அதிஃப் ரஹ்மான் டீம் செஞ்சது இன்னும் ஆச்சரியம், கர்ப்பத்துலயே டிப்ரெஷன் இருந்த பொண்ணுங்க வீட்டுக்கு சாதாரண சுகாதார பணியாளர்கள் போய் பேசினாங்க, குழந்தை பிறந்து ஆறு மாசத்துல அவங்கள்ல 23 சதவீதம் பேருக்குத்தான் டிப்ரெஷன் மிச்சம் இருந்துச்சு, மத்த பக்கம் 53. அது 2008ல லான்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல வந்தது.

ஆனா இதையே மீட்டிங்ல சொல்லி எல்லாரையும் உசுப்பேத்தாத. அந்த பாகிஸ்தான் முறையையே கொஞ்சம் சுருக்கி, அக்கம்பக்கத்து அம்மாக்கள வச்சு கோவாலயும் ராவல்பிண்டிலயும் செஞ்சு பாத்தப்போ, 2019ல வந்த ரிசல்ட்ல பலன் அந்த அளவுக்கு இல்ல. அன்பா ஒருத்தி பேசினா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு இதான் ஞாபகம் வரும். நல்லா போன இடங்கள்லயும் வாலண்டியர தனியா விட்டுடல, பாகிஸ்தான்ல அந்த பணியாளர்கள மாசா மாசம் கூப்பிட்டு உக்கார வச்சு, எந்த வீட்ல என்ன ஆச்சு, எங்க திணறுனீங்கன்னு கேக்க ஆள் இருந்தாங்க. உன் வேலை அதுதான்டி. நீ அம்மாக்கள பாத்துக்கப் போறதில்ல, அம்மாக்கள பாத்துக்கறவங்கள பாத்துக்கப் போற. உனக்கு இது கஷ்டமா இருக்கும்னு எனக்கு தெரியும், காலேஜ்ல யார் அழுதாலும் முதல் ஆளா போய் நின்னு நீயே எல்லாத்தையும் சரி பண்ணிட்டுதான் நகருவ. ஒரு கஷ்டமான கால் வரும்போது "குடு, நானே பேசறேன்"னு வாய் வரைக்கும் வரும், வரட்டும், பேசாத. நீ வாங்கிட்டா அந்த அம்மாவுக்கு ஆள் மாறிடும், அந்த வாலண்டியருக்கு நம்பிக்கை போயிடும், உனக்கு ராத்திரி தூக்கம் போயிடும்.

ஆள் சேக்கறதுல இருந்து ஆரம்பிக்கறேன். வர்றவங்கள்ல முக்காவாசி பேர் தானே இத அனுபவிச்சவங்க, அதுதான் நம்ம பலம், அதுலதான் சிக்கலும். போன வருஷம்தான் மீண்டு வந்தேன், எனக்கு யாரும் இல்ல, அதனால மத்தவங்களுக்கு நான் இருக்கணும்னு கண்ணு கலங்க ஒருத்தி சொல்லும்போது வேண்டாம்னு சொல்ல மனசே வராது. ஆனா நீ சொல்லித்தான் ஆகணும், கால் எடுக்கறது இப்ப வேண்டாம், ஷிப்ட் லிஸ்ட் போடு, மெசேஜ் பாத்து பிரிச்சு குடு, அப்புறம் பாக்கலாம்னு. எப்படி முடிவு பண்றதுன்னு கேப்ப. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, தன் கதைய சொல்லாம அவளால பத்து நிமிஷம் இன்னொருத்தி கதைய கேக்க முடியுதா? பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு, நிஜ கால் வந்த மாதிரி நடிச்சு ரோல் ப்ளே பண்ண சொல்லு, தெரிஞ்சிடும். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, நான் மாத்திரையே போடாம சரியாயிட்டேன், நீயும் ஆயிடுவ"ன்னு ரெண்டாவது நிமிஷமே ஆரம்பிக்கறவங்க நல்ல மனசுக்காரங்கதான், ஆனா அந்த பக்கம் இருக்கறவ மாத்திரைய நிறுத்திட்டான்னா? பால் குடுத்துக்கிட்டே எடுத்துக்கக்கூடிய மருந்துகள் இருக்கு, செர்ட்ரலின் மாதிரி, எது யாருக்குன்னு டாக்டர் பாத்து சொல்லுவாங்க, நடுவுல பட்டுனு நிறுத்தினா திரும்ப வர்றதுக்கான வாய்ப்பு அதிகம். மருந்த பத்தி வாலண்டியர் வாயில இருந்து வரவேண்டியது "டாக்டர்கிட்ட கேளுங்க, கேக்கறதுக்கு நான் கூட இருக்கேன்" அவ்வளவுதான்.

இன்னொண்ணு, எல்லாரும் சோகத்தையே தேடறாங்க. நிறைய பேருக்கு சோகமே இருக்காது, எரிச்சல், கோவம், படபடப்பு, குழந்தை மூச்சு விடுதான்னு ராத்திரி பூரா பாத்துக்கிட்டே இருக்கறது, இப்படித்தான் வரும். நான் வாலண்டியர்களுக்கு சொல்லிக்குடுக்கற கேள்வி "குழந்தை தூங்கும்போது, வேற யாராவது பாத்துக்கும்போது, உங்களுக்கு தூக்கம் வருதா?" குழந்தை விடாம அழறதால தூங்கலைங்கறது வேற, தூங்க நேரம் கிடைச்சும் கண்ண மூட முடியலைங்கறது வேற. அப்புறம் இந்த பேபி ப்ளூஸ், பெத்த ரெண்டு மூணு நாள்ல காரணமே இல்லாம அழுகை வர்றது, பாதிக்கு மேல அம்மாக்களுக்கு வரும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா போயிடும். போகலைன்னா, இல்ல நாளாக ஆக ஜாஸ்தியாச்சுன்னா, காத்துக்கிட்டு இருக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல பெத்தவங்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநல பிரச்சினை வருது, அதுல பெரும்பாலும் டிப்ரெஷன், கர்ப்பமா இருக்கும்போதே சுமார் 10 சதவீதம். கர்ப்பத்துலயே ஆரம்பிக்குதுங்கறத நம்ம ஆளுங்களே மறந்துடறாங்க, குழந்தை பிறந்த அப்புறம்தான் விசாரிக்கறாங்க.

எடின்பரோ ஸ்கேல், அதான் டிப்ரெஷன் இருக்குமோன்னு பாக்கற கேள்வித்தாள், உன் குரூப்ல யூஸ் பண்றாங்கன்னு எழுதியிருந்த. 1987ல ஜான் காக்ஸும் கூட ரெண்டு பேரும் போட்டது, பத்து கேள்வி, கடந்த ஏழு நாள பத்தி, மொத்தம் 30 மார்க். நல்ல கருவிதான், ஆனா மார்க்க பாத்து "உங்களுக்கு டிப்ரெஷன் இருக்கு"ன்னு வாலண்டியர் சொல்லக்கூடாது, அது வடிகட்டி மட்டும்தான், முடிவு சொல்றது டாக்டர் வேலை. பத்தாவது கேள்விய மட்டும் தனியா பாக்க சொல்லு, அது தன்னையே காயப்படுத்திக்கற எண்ணத்த பத்தினது. மொத்த மார்க் கம்மியா இருந்தாலும், அந்த ஒண்ணுல "ஒருபோதும் இல்லை" தவிர எத டிக் பண்ணியிருந்தாலும் அன்னிக்கே ஆள் பேசணும், அடுத்த மீட்டிங் வரைக்கும் அது ஃபைல்ல தூங்கக்கூடாது. யார் பேசறது, அவங்க கிடைக்கலைன்னா அடுத்தது யாருன்னு எழுதி எல்லார் போன்லயும் இருக்கணும்.

இனிமே எழுதப்போறதுதான் என்னை பொறுத்தவரைக்கும் ரொம்ப முக்கியம், இங்கதான் நல்ல வாலண்டியர் கூட பதறிடுவாங்க. ஒரு அம்மா போன்ல நடுங்கிக்கிட்டே, குழந்தைய குளிப்பாட்டும்போது தண்ணிக்குள்ள விட்டுடுவேனோன்னு படம் மாதிரி வந்து வந்து போகுது, நான் பாவி, யாருகிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அழுவா. அந்த எண்ணத்த பாத்து அவளே அரண்டு போயிருக்கா, அதனால குழந்தை பக்கமே போக பயப்படறா. இது படபடப்புல, இல்ல ஓசிடில, அதாவது வேண்டாம்னாலும் ஒரே எண்ணம் திரும்ப திரும்ப வந்து படுத்தற நோய்ல, வர்ற வேண்டாத எண்ணம், புதுசா பெத்தவங்க நிறைய பேருக்கு ஏதோ ஒரு அளவுல வரும், வர்றதாலயே அவ ஆபத்தானவ ஆயிட மாட்டா. அவளுக்கு வேணுங்கறது, இதுக்கு பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு, நீங்க சொன்னது நல்லதுன்னு ஒரு குரல், அப்புறம் இந்த விஷயம் தெரிஞ்ச டாக்டர்கிட்ட சீக்கிரமா ஒரு அப்பாயின்ட்மென்ட். பயந்து போய் வாலண்டியர் வீட்டுக்காரங்களுக்கு போன போட்டு குழந்தைய பிரிச்சுட்டாங்கன்னு வை, அந்த அம்மா இனிமே ஜென்மத்துக்கும் யாருகிட்டயும் வாய திறக்க மாட்டா.

போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், அதாவது பெத்த அப்புறம் எது நிஜம் எது கற்பனைன்னே தெரியாம போற நோய், இதுக்கு நேர் எதிர். ஆயிரத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் பெத்த முதல் ரெண்டு வாரத்துல, திடீர்னு. தூக்கமே இல்லாம ஆனா சோர்வே இல்லாம சுத்துவா, பேச்சு கோர்வையா இருக்காது, இல்லாத குரல் கேக்கும், குழந்தைய பத்தி விசித்திரமா ஏதாவது சொல்லுவா, அத சொல்லும்போது அவளுக்கு பயமே இருக்காது, உண்மைன்னே நம்புவா. நடுவுல கொஞ்ச நேரம் தெளிவா பேசுவா, அத நம்பி விட்டுடக்கூடாது. மனசு ஒரேயடியா உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் மாறி மாறி போற பைபோலார் நோய் இருந்தவங்களுக்கும், முன்ன ஒரு பிரசவத்துல இது வந்தவங்களுக்கும் வாய்ப்பு ரொம்ப அதிகம். இங்க ரகசியமெல்லாம் கிடையாது, வீட்ல இருக்கறவங்க அவளையும் குழந்தையையும் தனியா விடக்கூடாது, உடனே எமர்ஜென்சி. வைத்தியம் பண்ணினா நல்லா குணமாகறாங்க, அதையும் அந்த குடும்பத்துக்கு சொல்லணும், பயந்து போய் நிப்பாங்க பாவம். எது ரகசியம், எப்ப ரகசியம் காக்க முடியாதுங்கறத முதல் கால்லயே வாலண்டியர் சொல்லிடணும், நெருக்கடி வந்த அப்புறம் சொன்னா ஏமாத்தின மாதிரி இருக்கும். இந்த ரெண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்த புதுசா வர்றவங்களுக்கு ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடாத, திரும்ப திரும்ப சொல்லு, சலிச்சுக்கட்டும் பரவால்ல.

அப்பாக்கள பத்தி நீ ஒரு வரி கூட எழுதல, உன் குரூப்ல யாரும் கேக்கறதில்லன்னு நினைக்கறேன். 2010ல வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வுல, கர்ப்ப காலத்துல இருந்து குழந்தைக்கு ஒரு வயசு வரைக்குமான காலத்துல அப்பாக்கள்லயும் சுமார் பத்துல ஒருத்தருக்கு டிப்ரெஷன்னு வந்துச்சு, அம்மாவுக்கு இருந்தா அப்பாவுக்கும் வர வாய்ப்பு கூடுது. அவங்க அழ மாட்டாங்க, ஆபீஸ்லயே கெடப்பாங்க, சுள்ளுனு விழுவாங்க. "மனைவிக்கு எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டு வைக்காம "உங்களுக்கு எப்படி இருக்கு"ன்னும் கேக்க சொல்லு, முதல்ல அந்த பக்கம் சத்தமே வராது, வெயிட் பண்ண சொல்லு. வீட்டுக்காரங்ககிட்ட நம்ம கேட்டு வாங்கக்கூடிய பெரிய உதவி தூக்கம்தான், ராத்திரில அம்மாவுக்கு நாலஞ்சு மணி நேரமாவது முறியாத தூக்கம் கிடைக்க யார் எந்த நேரம் முழிச்சிருக்கறதுன்னு பேசி வச்சுக்க சொல்லலாம். "எல்லாரும்தான் புள்ள பெத்தோம், எங்களுக்கெல்லாம் இப்படியா இருந்துச்சு"ன்னு சொல்ற பெரியவங்க எல்லா வீட்லயும் இருப்பாங்க, அவங்களோட சண்டை போட வேண்டாம், அவங்களுக்கே அந்த காலத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டா சில பேர் உடைஞ்சு அழுதுடுவாங்க, அப்புறம் பாரு அவங்கதான் அந்த பொண்ணுக்கு முதல் துணை.

வாலண்டியர்கள பாத்துக்கறது எப்படின்னா, பெருசா ஒண்ணும் இல்ல, விடாம பண்ணணும். கஷ்டமான கால் முடிஞ்சா அன்னிக்கே யாராவது அவங்களுக்கு போன் பண்ணணும். சொந்த நம்பர குடுக்கக்கூடாது, ஷிப்ட் முடிஞ்சா முடிஞ்சதுதான். திரும்ப கர்ப்பமானவங்க, வீட்ல சாவு பாத்தவங்க, காரணம் சொல்லாம விலகி நிக்கலாம்னு முன்னாடியே சொல்லி வச்சுடு. குழந்தைய இழந்த குடும்பத்துக்கு நிறைமாச கர்ப்பிணி வாலண்டியர போடாத, இது எழுதவே வேண்டாம்னு தோணும், ஆனா அவசரத்துல லிஸ்ட் போடும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம், ரொம்ப நல்லா பண்றவங்களுக்கே எல்லா கஷ்டமான கேஸும் போகும், அவங்கதான் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம காணாம போவாங்க.

ஜேன் ஹானிக்மன்னு ஒரு அம்மா, அமெரிக்கால சான்டா பார்பரால, 1987ல போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல்னு, இதே மாதிரி குடும்பங்களுக்கு உதவற அமைப்ப ஆரம்பிச்சாங்க. அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே அங்க இளம் பெற்றோருக்காக சில அம்மாக்களோட சேந்து ஒரு உதவி குழு ஆரம்பிச்சவங்க, டாக்டர் கிடையாது. இன்னிக்கு அது பல நாடுகள்ல வாலண்டியர் வச்சு நடக்குது. அதனால உன்னால முடியுமாங்கற கேள்வி எனக்கு இல்ல.

என் கேள்வி வேற. நீ யாருகிட்ட பேசுவ? சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த கேட்டு வாங்கு. மாசத்துல ஒரு தடவையாவது உன்னோட உக்காந்து பேச ஒரு சைக்கியாட்ரிஸ்டோ சைக்காலஜிஸ்டோ வேணும், அவசரத்துக்கு கூப்பிட்டா எடுக்கறவங்களா இருக்கணும். அப்புறம் உன்னோட பொறுப்ப பங்கு போட்டுக்க இன்னொரு ஆள், நீ லீவ் போட்டா பாத்துக்க. "பாக்கலாம், போக போக ஏற்பாடு பண்ணலாம்"னு சொன்னாங்கன்னா நீயும் "அப்ப போக போக சேந்துக்கறேன்"னு சொல்லிடு, இதுல மட்டும் நல்ல பேர் வாங்க பாக்காத. மீட்டிங் முடிஞ்சதும் என்ன சொன்னாங்கன்னு ஒரு மெசேஜாவது போடு, உன்னோட உக்காந்து பேசற அந்த சூப்பர்விஷனுக்கு யார சொல்றாங்கன்னு எனக்கு தெரியணும். ட்ரெய்னிங்குக்கு நான் வச்சிருக்கற ரோல் ப்ளே கேள்விகள் வேணும்னா கேளு, தட்டி அனுப்பறேன், கொஞ்சம் பழசு, நீயே திருத்திக்கணும்.

உன்,
அதே வாயாடி