அந்த ஆல்பத்தை யாராவது கேட்டுப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், சர்ச்சையில் சிக்கி மீண்டு வந்த மேற்கத்தியப் பாடகர்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் பாதிப் பக்கம் பிரிட்னி ஸ்பியர்ஸ். அந்தப் பாதிப் பக்கத்தில் மொட்டைத் தலைப் படம் ஒன்று, குடையால் காரை அடிக்கும் படம் ஒன்று, அப்புறம் 2007-ல் வந்த 'பிளாக்அவுட்' ஆல்பத்தைப் பற்றி மொத்தமே ஒரு வரி. தோற்றுப்போன முயற்சியாம். அதன் பிறகு தந்தையின் அரவணைப்பில் குணமாகி, 2008-ல் 'சர்க்கஸ்' ஆல்பத்தின் மூலம் விட்ட இடத்தைப் பிடித்தார் என்று சுபம் போட்டு முடித்துவிட்டீர்கள்.

நான் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். பிரிட்னி ரசிகர் மன்றமெல்லாம் கிடையாது. ஆனால் இந்தக் கதையை அப்படியே தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'தோல்வி'. 2007 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆல்பம் வெளியானது. நவம்பர் 13 அன்று வருவதாக இருந்ததை, பாட்டுகள் இணையத்தில் கசிந்துவிட்டதால் இரண்டு வாரம் முன்னுக்கு இழுத்தார்கள். முதல் வாரத்தில் 2,90,000 பிரதிகள் போயின. அமெரிக்க விற்பனைத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். அவருடைய முந்தைய நான்கு ஆல்பங்களும் வந்தவுடன் முதல் இடத்தில் உட்கார்ந்தவை என்பதால், பார்த்தீர்களா சரிவை என்று அன்றைக்கே எழுதினார்கள். முதல் இடம் யாருக்குப் போனது தெரியுமா? ஈகிள்ஸ் என்ற ராக் இசைக் குழுவின் ஆல்பத்துக்கு. கடைகளில் வால்மார்ட்டில் மட்டும்தான் அதை விற்றார்கள். அதுவரை பில்போர்டின் விதிப்படி, ஒரே கடை வழியாக மட்டும் விற்கும் ஆல்பத்தைப் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்கள். 7,11,000 பிரதிகள் விற்ற ஒன்றை எப்படி விடுவது என்று அந்த வாரம்தான் விதியை மாற்றினார்கள். மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை, நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு வாரம் தள்ளி மாற்றியிருந்தால் இதே ஆல்பம் முதல் இடம், உங்கள் கட்டுரையாளருக்கும் வேறு வரி கிடைத்திருக்கும்.

இத்தனைக்கும் விளம்பரம் என்று பெரிதாக ஒன்றுமே நடக்கவில்லை. செப்டம்பரில் லாஸ் வேகாஸில் எம்டிவி விருது மேடையில் ஆடிய ஆட்டம் ஒன்று. அதுவும் சொதப்பல்தான், மறைக்க என்ன இருக்கிறது. உதடு அசைவு பாட்டோடு சேரவில்லை, கால் தடுமாறுகிறது. மறுநாள் பத்திரிகைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பற்றி எழுதின. இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, வயது 25. அப்புறம் ஒரு வானொலிப் பேட்டி. அவ்வளவுதான். ஆல்பம் வந்த அதே அக்டோபர் மாதம் முதல் தேதியில்தான் இரண்டு குழந்தைகளையும் முன்னாள் கணவர் கெவின் ஃபெடர்லைனிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன், யாரும் வராத இடம் அதுதானே.

பிளாக்அவுட்டில் 12 பாட்டு. உருகி உருகிப் பாடும் மெதுவான பாட்டு ஒன்றுகூட இல்லை. பாதிக்குக் கிட்டே டேஞ்சா என்ற இளம் இசைத் தயாரிப்பாளர் செய்தவை. பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் 2006 ஆல்பத்தில் டிம்பலாண்ட் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து வேலை செய்தவர். பிரிட்னியின் பழைய காதலர், அவரை விட்டுப் பிரிந்ததை வைத்தே தன் தனிக் கணக்கைத் தொடங்கிய அதே டிம்பர்லேக்தான், அது வேறு கதை. இன்னொரு பக்கம் பிளட்ஷை அண்ட் அவான்ட் என்ற ஸ்வீடன் ஜோடி, பிரிட்னியின் பழைய 'டாக்ஸிக்' பாட்டைச் செய்தவர்கள். இந்த ஜோடியின் 'பீஸ் ஆஃப் மீ' பாட்டை மட்டுமாவது நல்ல ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள். குரலை வெட்டி வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு துண்டு கீழே இறங்கி ஆண் குரல் மாதிரி வரும், அடுத்த துண்டு மேலே ஏறிப் பொம்மை மாதிரி வரும், பின்னால் பாடுவது ரோபின் என்ற ஸ்வீடன் பாடகி. எது பிரிட்னியின் சொந்தக் குரல் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. குரல் போய்விட்டதால் கருவியை வைத்து ஒப்பேற்றினார்கள் என்று அன்றைக்குச் சிலர் எழுதினார்கள். என் தொழிலில் ஒப்பேற்றும் வேலையைத் தினமும் செய்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுருதி விலகிய இடத்தை யாருக்கும் தெரியாமல் இழுத்துச் சரி செய்வதுதான் ஒப்பேற்றல். இங்கே தெரியட்டும் என்றே செய்திருக்கிறார்கள். பாட்டின் வரிகளோ முழுக்கத் தலைப்புச் செய்திகள்: தன்னைப் பற்றிப் பத்திரிகைகள் போட்ட பட்டங்களையே ஒவ்வொன்றாக அடுக்கி, வேலையும் பார்த்துக்கொண்டு அம்மாவாகவும் இருந்தால் உங்களுக்கு என்னய்யா கஷ்டம் என்கிற தோரணையில் கேட்கிறார். ஆளை ஆளாளுக்குத் துண்டு போட்ட காலத்தில் குரலையும் துண்டு போட்டு ஒரு பாட்டு! எனக்குத் தெரிந்து பாப் இசையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதில் வந்ததில்லை.

'கிம்மி மோர்' பாட்டை நடன விடுதிப் பாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு கூட்டம் இன்னும் இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருப்பதைப் பற்றிய பாட்டு அது, அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம். கடைசிப் பாட்டில் முடிந்துபோன கல்யாணத்தைப் பற்றி, மூக்கைச் சிந்தாமல், தாளத்தோடு தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார். இரண்டாவது குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே இந்த ஆல்பத்துக்காகப் பாட உட்கார்ந்துவிட்டார் என்பதையும், நிர்வாகத் தயாரிப்பாளர் என்று அவர் பெயரே அட்டையில் இருப்பதையும் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அந்த மொட்டைப் படத்துக்குப் பொருந்தாதே. 2012-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமெரிக்க இசை அருங்காட்சியகம் தன் இசை நூலகத்தில் இந்த ஆல்பத்தைச் சேர்த்துக்கொண்டது. 2023-ல் எழுதிய தன் வரலாற்றில், தான் செய்ததிலேயே அதிகம் பெருமைப்படுவது இதைத்தான் என்கிறார் பிரிட்னி.

மொட்டைப் படத்துக்கும் வருகிறேன். 2007 பிப்ரவரி 16, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் டார்ஸானா என்ற இடத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. சில நாள் கழித்துக் குடை. குடைக்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று உங்கள் கட்டுரையில் இல்லை: குழந்தைகளைப் பார்க்க முன்னாள் கணவரின் வீட்டுக்குப் போயிருக்கிறார், பார்க்க விடவில்லை. திரும்பும் வழியெல்லாம் வீடியோ கேமராவோடு ஒரு வண்டி பின்னாலேயே வந்திருக்கிறது. அடித்தது அந்த வண்டியைத்தான். படம் எடுத்தவருக்குக் காசு, விற்ற ஏஜென்சிக்குக் காசு, போட்ட பத்திரிகைக்குக் காசு. அவர் காரை விட்டு இறங்கினாலே பத்துப் பேர் பிழைத்தார்கள். சின்ன வயதிலிருந்து எல்லோரும் தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்ததற்கு எதிர்ப்பாகத்தான் மொட்டை போட்டேன் என்று பின்னாளில் அவரே எழுதிவிட்டார். புத்தி பேதலித்தவர் செய்வது என்று நாம் முத்திரை குத்தியிருந்தோம். 2008 ஜனவரியில் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனபோது தெருவில் கேமராக்கள், மேலே ஹெலிகாப்டர். அதே மாதம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவருக்கு இரங்கல் குறிப்பு தயாரித்து வைக்கத் தொடங்கியது, அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். வயது அப்போது 26. பெரிய மனிதர்களுக்கு முன்கூட்டியே எழுதி வைப்பது உங்கள் தொழில் வழக்கம் என்று தெரியும், ஆனாலும் வயிற்றைப் பிசைகிறது.

இனி அந்த 'அரவணைப்பு'. கட்டுரையில் என்னை எழுத உட்கார வைத்தது இந்த ஒரு சொல்தான்.

2008 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அவரைப் பாதுகாவலர் பொறுப்பில் வைத்தது. முதுமையாலோ நோயாலோ தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது. பணமும் போய்விட்டது, சொந்த முடிவும் போய்விட்டது, இரண்டுக்கும் அப்பா ஜேமி ஸ்பியர்ஸ் பொறுப்பு. முதலில் தற்காலிகம் என்றார்கள், அந்த ஆண்டு அக்டோபரிலேயே நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாதவர் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்த அதே ஆண்டில் 'வுமனைசர்' பாடி முதல் இடம், டிசம்பர் 2 அன்று தன் 27-வது பிறந்தநாளில் 'சர்க்கஸ்', முதல் வாரம் 5,05,000 பிரதிகள், மறுபடி முதல் இடம், அடுத்த வருடம் நாடு நாடாகச் சுற்றுப்பயணம். உலகமே மீண்டுவிட்டார் என்று எழுதியது, முடி வளர்ந்துவிட்டது, உடம்பு இளைத்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு வருகிறார் என்று.

'சர்க்கஸ்' வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எம்டிவியில் அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று ஓடியது. அதில் கேமராவைப் பார்த்தே சொல்கிறார், ஜெயிலுக்குப் போனால்கூட என்றைக்கு வெளியே வருவோம் என்று தெரியும், இதற்கு முடிவே இல்லை என்று. பூட்டிய அறையில் ரகசியமாகச் சொன்னதா என்ன? தொலைக்காட்சியில், ஊரறிய, அழுதுகொண்டே சொன்னது. மறுநாள் அது எத்தனை பத்திரிகைக்குத் தலைப்பானது? மொட்டை தலைப்பானது, வயிறு தலைப்பானது, இது ஆகவில்லை. மீண்டு வந்த கதை அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது.

அப்புறம் 13 வருடம். அப்பாவுக்கு மாதம் 16,000 டாலர் சம்பளம், மகள் சம்பாதித்ததிலிருந்து. வக்கீலைக்கூட பிரிட்னி தானே வைத்துக்கொள்ள முடியாது, நீதிமன்றம் நியமித்தவர்தான். 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸில் 248 நிகழ்ச்சிகள், 13 கோடி டாலருக்கு மேல் வசூல், நிகழ்ச்சியின் பெயர் என்ன தெரியுமா, 'பீஸ் ஆஃப் மீ'. 2021 ஜூன் 23 அன்று நீதிபதி முன் தொலைபேசி வழியாக, விருப்பமில்லாமல் மேடை ஏற்றியதையும், லித்தியம் என்ற மனநல மருந்தைக் கொடுத்ததையும், இன்னொரு குழந்தை பெற நினைத்தும் கருத்தடைச் சாதனத்தை எடுக்க விடாததையும் ஒரே மூச்சில் கொட்டினார். நவம்பர் 12 அன்று நீதிபதி பிரெண்டா பென்னி அந்த ஏற்பாட்டை முடித்து வைத்தார். உங்கள் நாளிதழிலும் இது வெளிநாட்டுச் செய்திகளுக்குக் கீழே சின்னதாக வந்தது, நான் படித்தேன். வந்தும், போன ஞாயிறு கட்டுரையில் அரவணைப்பு!

அவர் உடல்நிலை என்ன, மனநிலை என்ன என்பதற்கெல்லாம் நான் போகவில்லை, அது எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லாதது. அந்த 2007-ல் அவர் நல்லபடியாக இருந்தார் என்றும் வாதாடவில்லை. குழந்தைகள் விஷயத்தில் நீதிமன்றம் கவலைப்பட்டதற்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் தன் இஷ்டப்படி உட்கார்ந்து செய்த ஆல்பத்துக்கு வீழ்ச்சி என்றும், கையெழுத்துப் போடும் உரிமைகூட இல்லாமல் செய்த ஆல்பத்துக்கு மீட்சி என்றும் பெயர் வைத்தோமே, அந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன். பார்க்க லட்சணமாக இருந்தால் நலம், இல்லாவிட்டால் பைத்தியம், இதுதானா அளவுகோல்?

2022-ல் பாடகர் எல்டன் ஜானோடு ஒரு பாட்டு வந்தபோதும் மறுபடி இதே கதை கிளம்பியது, மீண்டும் வருகிறார் பிரிட்னி என்று. 2024 ஜனவரியில் அவரே, இசைத் துறைக்குத் திரும்பவே மாட்டேன் என்று இன்ஸ்டாகிராமில் எழுதிவிட்டார். வரமாட்டேன் என்பவரை விட்டுவிடலாம் இல்லையா, அதுவும் முடியவில்லை, அவர் வீட்டில் ஆடும் வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு கவலைப்படுகிறோம் என்ற பெயரில் துணுக்கு எழுதுகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அச்சில் வந்தது வந்துவிட்டது, உங்கள் இணையப் பதிப்பில் அந்த அரவணைப்பு வரியைத் திருத்திவிட்டு, 2021 தீர்ப்பை ஒரு பத்தியில் சேர்த்துவிடுங்கள். படம் வேண்டும் என்றால் பிளாக்அவுட் அட்டையையே போடலாம், தொப்பியும் கறுப்பு முடியுமாக நன்றாகத்தான் இருக்கும். பாட்டைக் கேட்டு விமர்சனம் எழுத ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், 12 பாட்டுக்கும் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
வடபழனி, சென்னை.