லாஃப்டனுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு

ஆசிரியருக்கு,

கூப்பர்ஸ்டவுனில் உள்ள அமெரிக்க பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்த வீரர்களுக்கான புகழ் மண்டபம்) பற்றிப் பேசினாலே அதில் இடம் கிடைக்காத நட்சத்திர வீரர் பாரி பாண்ட்ஸில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறோம். அவருக்காவது 10 ஆண்டுகள் வாக்குச்சீட்டில் இடம் இருந்தது. 622 பேஸ்களைத் திருடி (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து), சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை 4 முறை வாங்கிய கென்னி லாஃப்டன் 2013-இல் முதல் சுற்றிலேயே 3.2 சதவீத வாக்குடன் வெளியேறினார்.

வாக்களிப்பவர்கள் பேஸ்பால் பத்திரிகை எழுத்தாளர்கள்; ஒருவர் 10 பெயருக்கு மேல் குறிக்க முடியாது. 5 சதவீதம் எட்டாதவர் மறுஆண்டுப் பட்டியலில் இல்லை. 2013-இல்தான் பாண்ட்ஸ், கிளெமன்ஸ், பியாட்சா, பிஜியோ என நட்சத்திர வீரர்கள் எல்லாரும் ஒன்றாகப் பட்டியலில் அறிமுகமானார்கள். அந்த நெரிசலில், தேர்வுக்கான 75 சதவீதம் எழுத்தாளர் வாக்கில் ஒருவருக்கும் கிட்டவில்லை! 10 என்ற வரம்பை எடுங்கள். இல்லையேல் 5 சதவீத விதியை மூன்றாம் ஆண்டிலிருந்து பொருத்துங்கள்.

2001-இல் லூ விட்டேக்கரும் இப்படித்தான் போனார். டெட்ராய்ட் அணியில் அவரோடு ஜோடியாக ஆடிய ஆலன் டிராமெல் மட்டும் இன்று உள்ளே இருக்கிறார்.

— ஒரு வாசகர்