எந்த நம்பிக்கை? இறையியல் படிக்கத் தொடங்கிய தங்கைக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். அஞ்சல்வழி இறையியல் படிப்பில் சேர்ந்து, முதல் பாடப்புத்தகத்திலேயே திணறிப்போனதாக எழுதியிருந்தாய். ஏற்புடைமை, எதிர்நோக்கு, ஊனியல்பு, கழுவாய் என்று வரிக்கு ஒரு புதுச்சொல் வருகிறது, வீட்டிலிருக்கும் வேதாகமத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டிருந்தாய். சொற்கள்தான் வேறு. அவற்றுக்குப் பின்னால் நிற்கும் கிரேக்கச் சொற்கள் ஒன்றே. நீ புதிதாகக் கற்க வேண்டியதில் பாதி வேறு பெயரில் உனக்கு ஏற்கெனவே தெரியும்.

தமிழில் கிறிஸ்தவச் சொற்கள் இரண்டு வாய்க்காலாக ஓடுகின்றன. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லி நீ வளர்ந்தது 1871-இல் வந்த ஹென்றி பவர் வேதாகமத் திருப்புதலின் மொழியில்: தேவன், கர்த்தர், கிருபை, விசுவாசம், இரட்சிப்பு, ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி. உன் பாடப்புத்தகம் 1995-இல் வெளிவந்த, பெரும்பாலும் கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் மொழியில் பேசுகிறது: கடவுள், ஆண்டவர், அருள், நம்பிக்கை, மீட்பு, திருமுழுக்கு, தூய ஆவி. இவற்றுக்கும் அடியில் பழைய அடுக்குகள் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரிசியஸ் காலத்துச் சொல்லான பராபரன் இன்றும் கீர்த்தனைகளில் வாழ்கிறது. கத்தோலிக்கர் ஒரு காலத்தில் தூய ஆவியைப் போர்த்துக்கீசிய ஒலியோடு இஸ்பிரீத்து சாந்து என்றார்கள். இன்றைய 'அருள் நிறைந்த மரியே' அன்று 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே'. எந்த அடுக்கையும் தள்ளிவிடாதே. பழைய ஞானோபதேச நூல் ஒன்றைப் புரட்டும்போது எல்லாமே தேவைப்படும்.

இரண்டு பட்டியல்களையும் எதிரெதிரே எழுதி மனப்பாடம் செய்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் எங்கே சறுக்கும் என்பதை 1 கொரிந்தியர் 13:13 காட்டும். உன் வேதாகமத்தில் அங்கே இருப்பவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. 'நம்பிக்கை' இரண்டிலும் இருக்கிறது, ஆனால் ஒரே பொருளில் இல்லை. கிரேக்கத்தில் முதலாவது பிஸ்திஸ், இரண்டாவது எல்பிஸ். உன் வேதாகமத்தின் நம்பிக்கை எல்பிஸ்: வரப்போவதைக் காத்திருக்கும் மனநிலை. திருவிவிலியத்தின் நம்பிக்கை பிஸ்திஸ்: கடவுளைப் பற்றிக்கொள்ளும் மனநிலை. பாடப்புத்தகம் 'நம்பிக்கையால் ஏற்புடையவராகிறோம்' என்று சொல்லும்போது நீ பழைய பழக்கத்தில் எல்பிஸ் என்று வாசித்தால், ரோமர் நிருபத்தின் வாதம் முழுவதும் இடம் மாறிப்போகும். ஆகவே 'நம்பிக்கை' வரும் இடமெல்லாம் எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வருகிறது என்று முதலில் பார். விசுவாசம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. தெருவில் அதற்கு எசமானுக்குக் காட்டும் நன்றி, நாய் காட்டும் விசுவாசம் என்று பொருள். பிஸ்திஸில் உண்மையாயிருத்தல் என்ற சாயலும் உண்டுதான். பவுல் ஆபிரகாமைச் சான்றாகக் காட்டும் ரோமர் 4-இலோ, வாக்குக் கொடுத்தவரை நம்பிச் சாய்வதுதான் முன்னே நிற்கிறது.

இனி வேலைக்கு வருவோம். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் இரண்டு வேதாகமங்களின் சொற்களையும் அருகருகே எழுது. அடுத்த வரியில் கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. கிரேக்கம் படிக்கத் தேவையில்லை, அடையாளத்துக்கு அது போதும். அதற்குக் கீழே, அந்தச் சொல் முழு வேலை செய்யும் வசனம் ஒன்றே ஒன்று. பிறகு அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல். கடைசியாக, அந்தச் சொல் எந்த இடத்துப் பேச்சிலிருந்து வந்தது என்பது: நீதிமன்றமா, சந்தையா, ஆலயமா, வீடா. பலர் விட்டுவிடும் வரி இந்தக் கடைசி வரிதான். விளக்கங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கூழாவதற்கும் அதை விட்டுவிடுவதே காரணம். வாரத்துக்கு 5 சொல் போதும். 8 வாரத்தில் 40 ஆகும். அதற்குமேல் வேகம் கூட்டினால் சொற்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்.

முதல் வாரத்தின் 5 சொற்களுக்கு ரோமர் 3:24, 25 இரண்டே வசனங்கள் போதும். கிருபை, மீட்பு, நீதிமான்களாக்கப்படுதல், கிருபாதாரபலி, விசுவாசம் என்ற ஐந்தும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. திருவிவிலியத்தில் அதே இடத்தில் அருள், மீட்பு, ஏற்புடையவராதல், கழுவாய், நம்பிக்கை.

மீட்பு, அப்போலுத்ரோசிஸ், விலை கொடுத்து அடிமையை விடுவிக்கும் பேச்சு. அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் வருகிறது, அதனால் தமிழுக்கு இது எளிதான சொல். ஒரு எச்சரிக்கை மட்டும்: உன் வேதாகமம் சொத்தேரியாவை இரட்சிப்பு என்றும் அப்போலுத்ரோசிஸை மீட்பு என்றும் பிரித்துவைக்கும். திருவிவிலியத்தில் இரண்டுக்கும் 'மீட்பு' வரும். பாடப்புத்தகத்தில் மீட்பு என்று கண்டால் எது என்று வசனத்தைத் திறந்து பார்த்துக்கொள்.

கிருபாதாரபலி, ஹிலாஸ்தேரியோன், ஆலயத்துப் பேச்சு. இதே கிரேக்கச் சொல் எபிரெயர் 9:5-இல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் குறிக்கிறது. அங்கே உன் வேதாகமம் அதைக் கிருபாசனம் என்கிறது. இந்த இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்தால்தான் பவுல் எதைச் சுட்டுகிறார் என்பது விளங்கும். ஆண்டுக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் இரத்தம் தெளித்த இடம் அது. கழுவாய் புதிதாகச் செய்த சொல் என்று நினைக்காதே. 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்பது புறநானூறு 34. செய்த தவற்றுக்குப் பரிகாரம் என்ற பொருளில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய சொல்.

நீதிமானாக்கப்படுதலில் மட்டும் இரண்டு நாள் தங்கு. கிரேக்க வினை திக்காயோ. உபாகமம் 25:1-ஐப் படி. வழக்கை விசாரிக்கும் நியாயாதிபதி, நீதிமானை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறது. நீதிபதி அவனை நல்லவனாக மாற்றவில்லை, அவன் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். இங்கேதான் தமிழ்ச் சொல் வழுக்குகிறது. 'ஆக்கு' என்ற வினை, ஒருவனை உள்ளே திருத்தி நல்லவனாகச் செய்வது போன்ற எண்ணத்தைத் தருகிறது. லுத்தரின் வழிவந்த சபைகள் தீர்ப்பு என்ற பொருளையே முதன்மையாகப் பிடித்தன. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-இல் வெளியிட்ட ஆணையோ பாவமன்னிப்போடு உள்ளத்தின் புதுப்பிப்பையும் அதில் சேர்த்தது. இரண்டு பட்டியலையும் இந்த வெளிச்சத்தில் பார்: சீர்திருத்தச் சபையார் கையில் இருக்கும் சொல் 'ஆக்கப்படுதல்', கத்தோலிக்கர் கையில் இருக்கும் சொல் கடவுள்முன் ஏற்கப்படுவதைப் பேசும் 'ஏற்புடைமை'. சொல்லின் அமைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு சபையின் போதனையை முடிவு செய்தால் எவ்வளவு தவறிப்போவோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் எனக்குத் தெரியவில்லை. லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பூர்க்கில் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. உன் பாடத்தில் பிற்பாடு அது வரும்.

இதே பக்கத்தில் யாக்கோபு 2:24-ஐயும் எழுதிவை. ரோமர் 3:28 கிரியைகளில்லாமல் என்கிறது, யாக்கோபு கிரியைகளினாலேயும் என்கிறார், இருவருக்கும் வினை ஒன்றே. பவுல் தொடக்கத்தில் கிடைக்கும் தீர்ப்பைப் பேசுகிறார், யாக்கோபு செத்த விசுவாசத்தையும் உயிருள்ள விசுவாசத்தையும் பிரித்துக் காட்டுகிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதை ஏற்பதற்கு முன் இரண்டு அதிகாரங்களையும் முழுவதும் வாசித்துவிடு.

இரண்டாம் வாரம் ஒப்புரவு (ரோமர் 5:10, பகை தீர்வது), புத்திரசுவிகாரம் (ரோமர் 8:15, வீட்டுக்குப் பிள்ளையாக எடுப்பது), மனந்திரும்புதல், பரிசுத்தமாகுதல், உடன்படிக்கை. ஒப்புரவு என்றதும் திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். அங்கே அது ஊருக்கு உதவி வாழ்வது, இங்கே பகைவர் இருவர் ஒன்றாவது. உடன்படிக்கையில் ஒரு முடிச்சு உண்டு. தியாத்தேக்கே என்ற ஒரே கிரேக்கச் சொல் உன் வேதாகமத்தில் பெரும்பாலும் உடன்படிக்கை, எபிரெயர் 9:16-இல் மரணசாசனம். எழுதினவன் செத்தால்தான் உயில் செல்லும் என்று அந்த வசனம் வாதிடுவதால் மொழிபெயர்ப்பாளர் சொல்லை மாற்றினார்கள். இது தெரியாவிட்டால் அந்தப் பத்தியில் வாதம் திடீரென்று தாவுவதுபோல் இருக்கும்.

பேச்சுத் தமிழின் பொருள் உள்ளே நுழைந்து கெடுக்கும் சொற்களுக்கு நோட்டின் கடைசியில் சில பக்கங்கள் ஒதுக்கு. ஜென்மப்பாவம் என்றால் முற்பிறவியில் செய்த பாவம் என்று கேட்பவர் நினைப்பார். ஆதாமில் தொடங்கிய நிலைமைக்குள் ஒவ்வொருவரும் பிறப்பதைத்தான் அது சொல்கிறது. மனுஷாவதாரம் என்ற சொல்லில் அவதாரம் இருப்பதால் யுகந்தோறும் திரும்ப வருவது என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். யோவான் 1:14 சொல்வது ஒரே ஒருமுறை நடந்ததை. மாம்சம், திருவிவிலியத்தில் பல இடங்களில் ஊனியல்பு, கலாத்தியர் 5-இல் உடம்பைக் குறிக்கவில்லை. அங்கே மாம்சத்தின் கிரியைகள் என்ற பட்டியலில் பொறாமையும் விக்கிரகாராதனையும் இருப்பதே சான்று. விசுவாசப் பிரமாணத்தில் 'பாதாளத்தில் இறங்கினார்' என்கிறோம். பாதாளம் ஹாதேஸ், மரித்தோர் இருக்கும் இடம். மாற்கு 9:43-இன் நரகம் கெயென்னா, தண்டனைக்குரிய இடம். இரண்டையும் ஒன்றாக்காதே. அதே பிரமாணத்தின் 'பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை' என்பதில் 'பொது' என்பது கத்தோலிக்கே என்ற கிரேக்கச் சொல்லின் தமிழ். பொருள் தெரிந்து சொல்ல ஆரம்பித்தால் அந்த வரி வாயில் வேறு மாதிரி இருக்கும்.

திரித்துவத்தை ஆறாம் வாரத்துக்கு முன் தொடாதே. அங்கே சொற்கள் வேதத்திலிருந்து நேரே வராமல் ஆதித் திருச்சபையின் ஆயர்கள் கூடிய சங்கங்களின் வாதங்களில் பழுத்து வந்தவை. ஊசியா, ஹுப்பொஸ்தாசிஸ் என்ற இரண்டையும் பிரித்துப் பிடித்தால் முக்கால்வாசி முடிந்தது. கடவுள் என்னவாக இருக்கிறார் என்பதற்கு ஊசியா. பிதா, குமாரன், ஆவி என்று யாராக என்பதற்கு ஹுப்பொஸ்தாசிஸ், தமிழில் ஆள். நிசேயா விசுவாச அறிக்கையில் கத்தோலிக்கத் தமிழ் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்கிறது. அந்தப் 'பொருள்' ஊசியா. பணம், சாமான் என்று போகாதே. புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்றுண்டு: 325-இல் நிசேயா சங்கத்தில் ஊசியாவும் ஹுப்பொஸ்தாசிஸும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்கின. நான்காம் நூற்றாண்டின் இறையியலர்களான கப்பதோக்கியப் பிதாக்கள் பிரித்த பிறகே, 381-இன் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தை ஒட்டி, ஒரு ஊசியா, மூன்று ஹுப்பொஸ்தாசிஸ் என்ற வழக்கு நிலைத்தது. உன் வேதாகமத்திலும் எபிரெயர் 1:3-இல் ஹுப்பொஸ்தாசிஸ் 'தன்மை', 11:1-இல் 'உறுதி'. 451-இன் கல்சேதோன் சங்கம் எடுத்தது வேறு கேள்வி: கிறிஸ்து ஒருவரில் தெய்வ இயல்பு, மனித இயல்பு என இரண்டு. மூன்று ஆள் ஒரு பொருள், ஒரு ஆள் இரண்டு இயல்பு. இந்த இரண்டு கணக்கையும் தனித்தனிப் பக்கத்தில் எழுது.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உவமை சொல்வார்கள். தயவுசெய்து நீ சொல்லாதே. ஒன்றே மூன்று வேடம் போடுகிறது என்று சொன்னதாகத் திருச்சபை தள்ளிவைத்த பழைய போதகர் சபெல்லியுவின் போதனையாக அது முடியும். அப்படியானால் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து பேசியவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இருக்காது. லூக்கா 3:21, 22-ஐ வாசித்துக் காட்டு.

தேர்வுத்தாளில் பாடப்புத்தகச் சொல்லை முதலில் எழுதி, உன் வேதாகமச் சொல்லை ஒரே ஒருமுறை அருகில் குறித்துவிட்டு, அதற்குப்பின் முதல் சொல்லையே கடைசிவரை பயன்படுத்து. ஒரே விடையில் கிருபையும் அருளும் மாறி மாறி வந்தால், இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துவிட்டாய் என்று திருத்துபவர் எண்ணக்கூடும். ஜெபக்கூட்டத்தில் பேசும்போது மட்டும் கிருபை, விசுவாசம் என்றே பேசு. அம்மாவுக்கும் சபையாருக்கும் அந்தச் சொற்களில்தான் கேட்டுப் பழக்கம்.

முதல் 5 பக்கம் எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்பு. நீதிமானாக்கப்படுதலின் எதிர்ச்சொல்லாக நீ என்ன எழுதுகிறாய் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பாவம் என்று எழுதத் தோன்றும். ரோமர் 8:33, 34-ஐ வாசித்த பிறகு எழுது.

கிறிஸ்துவுக்குள்,
அண்ணன்