எடைக்கல்லும் இருபது முகப் பகடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். உடம்பில் மூன்று அம்பு வாங்கியவன் ஓர் இரவு தூங்கி எழுந்து மறுநாள் மலையேறுகிறானே, இது என்ன விதி என்பது அவர் குறை. அடுத்த வாரம் இன்னொருவர், விளையாட்டில் நிஜத்தைத் தேடுவானேன், பகடையை உருட்டினோமா சிரித்தோமா என்று இருக்க வேண்டியதுதானே என்று பதில் எழுதினார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று மாலை மாடியில் என் மகனும் அவன் நண்பர்களும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவார்கள். வேடிக்கை பார்க்கப் போன நான் இப்போது அவர்களில் ஒருவன். ஆட்டத்தை நடத்துவது என் மருமகள், தொழிலால் செவிலியர். சாலை போடாத காலத்துச் சேர்வராயன் மலையைத்தான் அவள் களமாக வைத்திருக்கிறாள். தெரியாதவர்களுக்காக: ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். முடியுமா முடியாதா என்பது சந்தேகமானால் இருபது முகப் பகடை தீர்மானிக்கும்.

என் கண் முதலில் போனது நாணயக் கணக்கில்தான், தொழில் புத்தி. 1978-இல் வந்த விதிநூலின்படி பத்து நாணயம் ஒரு பவுண்டு. அப்படியானால் ஒன்று 45 கிராம். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயே ஒரு தோலாதான், 11.66 கிராம். அந்த விளையாட்டுக் காசு ஒன்றை உருக்கினால் கைக்குழந்தைக்கு ஒரு ஜோடி கொலுசு செய்துவிடலாம். 2014 பதிப்பில் 50 நாணயம் ஒரு பவுண்டு. ஒன்று 9 கிராம் என்பதை நம்பலாம். ஆனாலும் தங்கம், வெள்ளி, செம்பு எல்லாக் காசும் ஒரே எடை என்கிறார்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளிக்கு 10.5. எடை ஒன்றானால் வெள்ளிக் காசு ஏறக்குறைய இரு மடங்கு பருமனாக இருந்தாக வேண்டும். இதை நான் மேசையில் எழுப்புவதே இல்லை. காசு பருமனா மெலிதா என்பதால் அங்கே யாருடைய முடிவும் மாறப்போவதில்லை.

அதே மேசையில், காட்டுவழியில் எதிர்ப்பட்ட ஒரு வியாபாரி உப்புக்கு விலையாக வெள்ளிக் காசு நீட்டினான். மற்றவர்கள் வாங்கி முடிந்துகொள்ளப் பார்த்தார்கள். நான், "உரைத்துப் பார்க்கிறேன்" என்றேன். எதில் உரைக்கிறீர்கள், ஒப்பிட நல்ல வெள்ளி கையில் இருக்கிறதா என்று மருமகள் கேட்டாள். என் பாத்திரத்தின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. அதை ஒரு கோடும் காசை ஒரு கோடும் கல்லில் இழுத்தேன். டச், அதாவது வெள்ளியின் தூய்மை, குறைவு; செம்பு கலந்திருக்கிறது. இப்போது அவனைச் சும்மா விடுவதா, பேரம் பேசுவதா, காசு அடிக்கிற இடத்தைக் காட்டச் சொல்வதா? அந்த மாலை முழுக்க அதிலேயே போனது. இதற்கு விதிநூலில் ஒரு வரி கிடையாது. மேசையில் தொழில் தெரிந்தவன் ஒருவன் இருந்தான், அவ்வளவுதான்.

நிஜத்தைக் கணக்குப் பார்ப்பதா, ஆட்டத்தின் வேகத்தைப் பார்ப்பதா என்ற இந்தச் சண்டை நேற்று தொடங்கியதும் அல்ல. பிரஷ்யப் படை அதிகாரி ரெய்ஸ்விட்ஸ் 1824-இல் வகுத்த போர்ப் பயிற்சி விளையாட்டில், வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, அட்டவணை பார்த்துச் சேதம் கணக்கிட்டார்கள். கணக்குப் பார்ப்பதற்குள் போரின் வேகம் செத்துவிடுகிறது என்று அலுத்துப்போனவர்கள் பலர். 1876-இல் ஃபெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, போர்க்களம் கண்ட நடுவர் ஒருவர் சொல்வதே தீர்ப்பு என்றார். நூறாண்டு கழித்து, 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது அவர்களும் போர் விளையாட்டுக்காரர்களே. பழைய வழக்கும் கூடவே வந்து சேர்ந்தது. 1978 நூலில் எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின் மேல் எப்படிப் பாயும் என்று ஓர் அட்டவணை உண்டு. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு ஆடியவர்கள்தான் அதிகம்.

அட்டவணை என்றாலே வீண் என்று சொல்ல வரவில்லை. அதே 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆக்கியவர்களில் கவசம் பூண்டு மெய்யாகவே வாட்போர் பழகியவர்கள் இருந்தார்கள். வெட்டு விழுந்தால் எங்கே விழுந்தது என்று தனியாகப் பகடை உருட்ட வேண்டும்; 19, 20 என்றால் தலை. அந்த இடத்துக் கவசத்தின் அளவைக் கழித்தது போகத்தான் காயம். மெதுவான ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலில் ஒரு வெட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று தெரிந்தவன் வாளை உருவுமுன் இரண்டு முறை யோசிக்கிறான்; பேசிப் பார்க்கிறான், ஓடிப் பார்க்கிறான். செலவழித்த நேரத்துக்குக் கைமேல் பலன் உண்டு.

எந்த உண்மையை வைப்பது, எதை விடுவது என்பதற்கு நம் ஆடுபுலி ஆட்டமே உதாரணம். அதில் பதினைந்து ஆடுகளில் ஒன்றுகூடப் புலியைக் கடிப்பதில்லை. நெருங்கி நின்று வழியை அடைக்கின்றன. புலி நகர முடியாமல் நிற்கிறது. புலியின் பல்லுக்கு எத்தனை வலு, ஆட்டுக்கு எத்தனை எடை என்று யாரும் கேட்டதில்லை. மந்தையைப் பற்றிய உண்மை மட்டும் அதில் இருக்கிறது.

'சும்மா ஆடுங்கள்' என்ற அன்பருக்கு எங்கள் மாடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உயரத்திலிருந்து விழுந்தால், பத்தடி உயரத்துக்கு ஓர் ஆறுமுகப் பகடை என்று உருட்டிச் சேதத்தைக் கணக்கிடுவோம்; உச்சவரம்பு இருபது பகடை. எவ்வளவு உயரமானாலும் 120-க்கு மேல் சேதம் கிடையாது. மகனின் நண்பன் ஒருவன் தன் வீரனின் உயிர்ப்புள்ளியை, அதாவது எவ்வளவு சேதம் தாங்குவான் என்ற கணக்கை, 130 வரை வளர்த்து வைத்திருந்தான். இன்று லேடீஸ் சீட் என்று சொல்கிறோமே, அந்தப் பாறை விளிம்பில் வந்து நின்றோம். கீழே சேலம் சமவெளி. பின்னால் துரத்தி வருகிறார்கள். தம்பி தாளைப் பார்த்தான், மனக்கணக்குப் போட்டான், "குதிக்கிறேன்" என்றான். குதித்தாலும் பத்துப் புள்ளி மிச்சம்; எழுந்து துணியைத் தட்டிவிட்டு ஊருக்குள் நடந்துவிடுவானாம்! விதி அவன் பக்கம்தான். ஆனால் அந்த நொடியில் சேர்வராயன் மலை மலையாகவே இல்லை, மாடிப்படி ஆகிவிட்டது.

மருமகள் நூலைப் புரட்டவில்லை. அந்தப் புள்ளி வாள்வீச்சுக்கானது, பள்ளத்துக்கு அல்ல என்றாள். அவள் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. உயிர்ப்புள்ளி முழுவதும் சதையும் இரத்தமும் அல்ல, திறமை, அதிர்ஷ்டம், தெய்வத் துணை எல்லாம் சேர்ந்த கணக்கு என்று கைகாக்ஸே 1979 நூலில் விளக்கியிருக்கிறார். ஓர் இரவில் புள்ளி திரும்புவதைக் கண்டு கோபப்படும் முதல் அன்பருக்கும் அதுவே பதில். அவன் வாங்கியது மூன்று அம்பு அல்ல, மூன்று முறை மயிரிழையில் தப்பினான் என்று வையுங்கள். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு கொடியைப் பிடித்து இறங்கினோம்.

புள்ளி பூஜ்யமாகி விழுந்து எழுந்தவனுக்கு மட்டும் எங்கள் வீட்டு விதி ஒன்று: ஊர் போய்ச் சேரும்வரை ஒரு காரியம் அவனால் முடியாது. எது என்று செவிலியர் சொல்வாள். என் பட்டறையிலும் பார்க்கிறேனே. பற்றவைக்கும்போது விரல்நுனியைச் சுட்டுக்கொண்டவன் நன்றாகத்தான் நடக்கிறான், சாப்பிடுகிறான், ஒரு வாரம் சலங்கை மணி மட்டும் கோக்க முடிவதில்லை.

சுமைக்கும் இப்படித்தான். 2014 விதிப்படி சராசரி உடல்வலு உள்ளவன் 150 பவுண்டு, அதாவது 68 கிலோவை நடை தளராமல் சுமப்பான். காசாகச் சொன்னால் 7,500. ஏற்காட்டில் காப்பி மூட்டை தூக்கிப் பழகிய குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களோடு ஆடுகிறான். இதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு! எடையைவிட அது உடம்பில் எங்கே தொங்குகிறது என்பதுதான் முக்கியம், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் போகும் என்றான். ஆகவே பவுண்டை விட்டுவிட்டோம். முதுகில் ஒன்று, கைக்கு ஒன்று. காசுப் பையைக் கையில் பிடித்தால் அந்தக் கையில் கேடயம் இல்லை. முதுகில் மூட்டையோடு சரிவில் இறங்கினால் பகடை உருட்டியே ஆக வேண்டும். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. ஆனாலும் புதையலை எடுப்பதா விடுவதா என்று அரைமணி நேரம் வாதாடுகிறோம்.

அம்புக் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஒவ்வோர் அம்பையும் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. கடைசி அம்பு என்று தெரிந்தால்தான் எய்வதற்குக் கை தயங்கும். "மாமா, எண்ணிக்கொண்டே இருந்தால் எப்போது எய்வது?" என்பது மருமகள் கட்சி. இந்த விளையாட்டு ஆடும் வாசகர்கள் தங்கள் மேசையில் என்ன செய்கிறார்கள் என்று உங்கள் பக்கத்தில் எழுதினால் அவளிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.